வன்னியில் சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு மேடை எங்கே?

"யாழ்ப்பாணத்தில எண்டால் சபை இருக்கு, மண்டபம் இருக்கு. இஞ்ச பிள்ளை எங்க பாடுறது, ரீச்சர்?" கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் நெடுங்கேணியிலும் பெற்றோர் என்னிடம் கேட்பது இதைத்தான். மேடை இங்கே நிறையவே இருக்கிறது. ஆனால் அதை யாரும் வீடு தேடி வந்து தர மாட்டார்கள். போய்க் கேட்க வேண்டும். கேட்கப் போகும்போது பாடுவதற்கு ஆயத்தமாகவும் இருக்க வேண்டும்.

வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளில் இரண்டாம் மூன்றாம் தரம் தாண்டியவர்களையும், உயர்தரத்தில் கர்நாடக சங்கீதத்தைப் பாடமாக எடுத்தவர்களையும், மருதனார்மடத்திலோ மட்டக்களப்பிலோ பல்கலைக்கழக மட்டத்தில் இசை படிக்கப் புதிதாகத் தெரிவானவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வாய்ப்பாட்டை வைத்துச் சொன்னாலும் வயலின், வீணை, மிருதங்கம் படிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதற்படி: பூசையில் பஞ்சபுராணம்

அரங்கேற்றத்தைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் ஊர்க் கோயிலில் பஞ்சபுராணம் ஓதத் தொடங்குங்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், பிறகு ஒரு திருப்புகழ், வாழ்த்து. எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமைப் பூசையில் ஓத ஆள் இல்லாமல் குருக்களே பாடி முடிக்கிற கோயில்கள் வன்னிக் கிராமங்களில் எத்தனையோ உண்டு. அங்கே ஒரு பிள்ளை போய், "ஐயா, நான் பஞ்சபுராணம் ஓதட்டோ?" என்று கேட்டால் மறுக்கிற குருக்களை நான் கண்டதில்லை.

இதை ஒரு சின்ன வேலையாக நினைக்காதீர்கள். பக்கவாத்தியம் கிடையாது, தாளம் துணைக்கு வராது, பெரும்பாலும் மைக்கும் இருக்காது. சுருதியைக் காதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு ராகத்தின் முகத்தை முதல் வரியிலேயே காட்ட வேண்டும். திருவிழாக் காலத்தில் இன்னொரு சிக்கலும் வரும். தவில் நாதஸ்வரம் முழங்கி ஓய்ந்த கையோடு நீங்கள் தொடங்க வேண்டியிருக்கும். நாதஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் ஒலித்துக்கொண்டிருந்திருக்கும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). ஐந்து கட்டையில் பாடும் பெண்பிள்ளைக்கு ஆதார சட்சமே, அதாவது அடிப்படைச் சுரமே, தடுமாறிப் போகும். மேளம் முடியும் தறுவாயில் போனில் உள்ள தம்புராவைக் காதோடு பிடித்து உங்கள் சட்சமத்தை மனதில் இருத்திக்கொள்ளுங்கள். இப்படி நாலைந்து திருவிழாவில் நின்று பிடித்த பிள்ளைக்குப் பரீட்சை மண்டபத்தில் சுருதி விலகுவது அருமை.

தேவாரங்களை அவற்றுக்குரிய பழந்தமிழ் இராகமான பண்ணோடு படியுங்கள். காந்தாரபஞ்சமத்தைக் கேதாரகௌளையிலும், தக்கேசியைக் காம்போதியிலும், கௌசிகத்தைப் பைரவியிலும், இந்தளத்தை மாயாமாளவகௌளையிலும், மேகராகக்குறிஞ்சியை நீலாம்பரியிலும், கொல்லியை நவரோஜிலும் பாடுவது வழக்கம். திருவாசகத்துக்கு மோகனம். பண்ணுக்கு இரண்டு தேவாரம் என்று பாடம் பண்ணினால், கீர்த்தனைக்குப் போகும்போது அந்த ராகங்கள் ஏற்கெனவே உங்கள் தொண்டையில் இருக்கும். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. திருக்கேதீச்சரம் பாடல் பெற்ற தலம். சம்பந்தர் பதிகம் நட்டராகத்தில் அமைந்தது, அதைப் பந்துவராளியில் பாடுவார்கள். சுந்தரர் பதிகம் நட்டபாடையில், அதாவது நாட்டையில். இரண்டும் தெரிந்த பிள்ளை சிவராத்திரிக்கு அங்கே போய் நின்றால் பாடக் கேட்பார்கள்.

மார்கழியில் திருவெம்பாவை பத்து நாளும் விடியற்காலையில் பாட ஆள் தேவைப்படும். சங்கும் சேமக்கலமுமாகத் தெருவால் போகிற பெடியளோடு சேர்ந்து போங்கள். பனியில் தொண்டையைத் திறந்து பாடிப் பழகுவது ஒரு பயிற்சி. ஆனால் வெந்நீர் குடித்து, மந்தர ஸ்தாயியில் கொஞ்சம் பாடிச் சூடேற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இரண்டாம்படி: பாடசாலை

தமிழ்மொழித்தினப் போட்டிகள் பாடசாலையில் தொடங்கி, கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி அகில இலங்கை மட்டம் வரை போகும். தனி இசை, குழு இசை இரண்டிலும் வாய்ப்பு உண்டு. அந்த ஆண்டின் சுற்றுநிருபத்தை ஆசிரியரிடம் வாங்கி நீங்களே வாசியுங்கள். எந்தப் பிரிவுக்கு எந்த வயது, எவ்வளவு நேரம், எவ்வகைப் பாடல் என்பதெல்லாம் அதில் இருக்கும். நன்றாகப் பாடிய பிள்ளைக்கு நேரம் கூடிப்போனதால் புள்ளி குறைந்ததைக் கண்டிருக்கிறேன்.

துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களில் சங்கீத ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் இருக்கின்றன. உங்கள் பாடசாலையும் அப்படியென்றால் வெளியில் படிப்பிக்கும் ஆசிரியரிடம் பாட்டைப் பாடம் பண்ணிக்கொண்டு, பெயர் கொடுக்கும் பொறுப்பைத் தமிழ்ப்பாட ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர் இல்லை என்பதற்காக ஒரு வருடத்தைக் கைவிட வேண்டாம்.

போட்டியைவிட எனக்குப் பிடித்தது நவராத்திரி. பாடசாலைகள், தனியார் கல்வி நிலையங்கள், பிரதேச செயலகங்கள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் என்று எல்லா இடத்திலும் அந்த ஒன்பது நாளுக்குள் பூசை நடக்கும். எல்லா இடத்திலும் யாராவது பாட வேண்டும். புரட்டாதி பிறந்தவுடன் ஒரு கொப்பியில் இடங்களை எழுதி, ஒவ்வொன்றிலும் பொறுப்பானவரைப் போய்ச் சந்தியுங்கள். துர்க்கை, இலக்குமி, சரஸ்வதி என்று மூவருக்கும் இரண்டிரண்டு பாட்டு ஆயத்தமாக இருந்தால் போதும். அந்தக் கிழமையில் ஒரே பாட்டை ஐந்து இடத்தில், ஐந்து விதமான சபைக்கு முன்னால் பாடலாம். ஒரு பாட்டு கைக்கு வருவது அப்போதுதான்.

கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தேவாலயப் பாடகர் குழுவும் பாடசாலை ஒளிவிழாவும் இருக்கின்றன. கர்நாடக ராகங்களில் அமைந்த தமிழ்க் கீர்த்தனைகள் தேவாலயங்களில் பழங்காலம் தொட்டே பாடப்பட்டு வருகின்றன. அவற்றைச் சுரம் பிரித்துப் படித்துப் போனால் பாடகர் குழு உங்களைத் தேடும்.

மூன்றாம்படி: திருவிழாவில் நேரம் கேட்பது

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது. ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

கோயில் மகோற்சவத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். அன்றைய செலவு அவருடையது. மேளம், அலங்காரம், மேடை நிகழ்ச்சி எல்லாவற்றிலும் அவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டு. எனவே பரிபாலன சபைத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். தலைவரிடம் அனுமதி, உபயகாரரிடம் சம்மதம், குருக்களிடம் பூசை நேரம் என்று மூன்று பேரையும் காணுங்கள். கொடியேற்றத்துக்கு ஒரு மாதமாவது இருக்கும்போதே போங்கள். நோட்டீஸ் அடித்த பிறகு போனால் "அடுத்த முறை பாப்பம்" என்பார்கள்.

போகும்போது ஆசிரியரோ பெற்றோரோ கூட வரட்டும், ஆனால் பேசுவது நீங்களாக இருங்கள். இப்படிக் கேட்கலாம்: "ஐயா, நான் இந்த ஊர்ப் பிள்ளைதான். சங்கீதம் நாலாம் தரம் முடிச்சிட்டன். ஆறாம் திருவிழாவில பின்னேரப் பூசைக்கு முதல் அரை மணித்தியாலம் பாட இடம் தருவியளோ? மிருதங்கத்துக்கும் நாங்களே ஆள் கூட்டிக்கொண்டு வாறம்." இதில் நாள், நேரம், நீளம், பக்கவாத்தியம் நான்கும் வந்துவிட்டன. "ஏதாவது ஒரு நாள் பாடவோ?" என்று கேட்டால் எவராலும் முடிவு சொல்ல முடியாது.

எந்த நாளைக் கேட்பது என்பதிலும் யோசனை வேண்டும். தேர், தீர்த்தம், பொங்கல் நாட்களை விடுங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலும் சனக்கடல். காவடியும் பறையும் சிலம்பு கூறலும் நிறைந்த அந்த இரவுகளுக்கு அவற்றுக்கே உரிய இசை உண்டு. அங்கே போய் நின்று கேளுங்கள். அதுவும் உங்கள் படிப்பில் சேர்ந்ததுதான். கச்சேரிக்கு ஏற்றவை இரண்டாம் திருவிழாவிலிருந்து ஏழாம் திருவிழா வரையான சாதாரண பின்னேரங்கள். நாற்பது பேர் இருப்பார்கள். அந்த நாற்பது பேரில் பத்துப் பேர் உண்மையாகக் கேட்பார்கள். தொடக்கக்காரருக்கு அது நல்ல சபை.

சன்மானம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சால்வை, காளாஞ்சி, சாப்பாடு கிடைக்கும். ஆனால் பக்கவாத்தியக்காரரின் போக்குவரத்துச் செலவை யார் பார்ப்பது என்று முதலிலேயே கதைத்துவிடுங்கள். பாடி முடித்த பிறகு கோயில் வாசலில் நின்று கதைக்கிற விடயம் இல்லை அது.

நான்காம்படி: அரை மணித்தியாலத்தை எப்படி நிரப்புவது

தெரிந்ததையெல்லாம் பாடிவிட வேண்டும் என்ற ஆசை எல்லாப் பிள்ளைக்கும் வரும். முப்பது நிமிடம் என்றால் இருபத்தாறுக்குத் திட்டமிடுங்கள். சுருதி சேர்க்கவும் வணக்கம் சொல்லவும் மிச்சம் வேண்டும்.

அம்சத்வனியிலோ நாட்டையிலோ பிள்ளையார் கீர்த்தனை ஒன்று, ஐந்து நிமிடம். அடுத்து அந்தக் கோயில் மூர்த்தி மேல் ஒரு சின்னக் கீர்த்தனை, இன்னோர் ஐந்து. பிறகு பிரதான உருப்படி. இரண்டு நிமிட ஆலாபனை, கீர்த்தனை, ஒரே இடத்தில் இரண்டு மூன்று சுற்றுக் கற்பனாசுரம் என்று பன்னிரண்டு நிமிடம். பிறகு ஒரு திருப்புகழ், மங்களம். சுத்த மத்திம ராகமும் பிரதி மத்திம ராகமும் மாறி மாறி வரட்டும். பிரதான ராகம் கரகரப்பிரியா என்றால் அதற்கு முந்தியது கல்யாணியாகவோ பந்துவராளியாகவோ இருக்கலாம். தாளமும் எல்லாமே ஆதியாக இல்லாமல் ஒரு ரூபகமோ மிச்ரசாபோ நடுவில் வரட்டும்.

நமது கோயில் சபைக்குத் தமிழ் உருப்படிகளை முன்னால் வையுங்கள். பொருள் விளங்கினால் சனம் கதிரையை விட்டு எழும்பாது. முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப்பிள்ளை, அருணாசலக் கவிராயர் ஆகியோரின் பாடல்கள் பாடத்திட்டத்துக்காக மட்டும் இருப்பவை அல்ல. தெலுங்குக் கீர்த்தனை பாடினால் பாடுமுன் ராகத்தையும் பொருளையும் இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். கற்பனாசுரம் இன்னும் கைவரவில்லை என்றால் எழுதிப் பாடமாக்கிய சுரத்தைப் பாடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். தைரியம் வந்த பிறகு கடைசிச் சுற்றை மட்டும் எழுதாமல் பாடிப் பாருங்கள்.

ஐந்தாம்படி: பக்கவாத்தியம்

வன்னியில் மிருதங்கம் கிடைத்தாலும் வயலின் கிடைப்பது கடினம். 2009 இல் போரின் இறுதியில் கையில் அகப்பட்டதோடு இடம்பெயர்ந்த குடும்பங்கள் இவை. வீணையும் வயலினும் சுருதிப்பெட்டியும் வீட்டோடு போயின. திரும்பி வந்து வீடு கட்டி, வயல் திருத்தி, அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு ஒரு வயலின் வாங்குவதைப் பற்றி யோசிக்க முடிந்தது. அந்தக் குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அதனால் உங்கள் வயதுக்காரரைத் தேடுங்கள். மிருதங்கம் நாலாம் தரம் படிக்கிற தம்பிக்கும் மேடை வேண்டும், உங்களுக்கும் வேண்டும். அவர் உங்களுக்கு வாசிக்கட்டும். அவருடைய பரீட்சைக்கு நீங்கள் போய்ப் பாடுங்கள். நாலைந்து பேர் இப்படிச் சேர்ந்தாலே ஒரு குழு. யாழ்ப்பாணத்திலிருந்து பெரியவர்களை அழைக்கும் கச்சேரி பிறகு வரட்டும்.

வாசிக்க வருபவருக்கு உங்கள் கட்டையை முன்னரே சொல்லுங்கள். ஒன்று, ஒன்றரைக் கட்டைக்குத் தாழ்ந்த சுருதியுள்ள தக்கு மிருதங்கம் வேண்டும். நாலரை, ஐந்துக்கு உயர்ந்த சுருதியுள்ள எச்சு மிருதங்கம். பஸ்ஸில் பரந்தன் தாண்டி வந்து இறங்கிய பிறகு மாற்ற முடியாது. உருப்படி, ராகம், தாளம், எடுப்பு, எந்த இடத்தில் சுரம், தனியாவர்த்தனம் உண்டா என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். வயதில் எவ்வளவு சிறியவர் என்றாலும் மேடையில் அவரைப் பார்த்துத் தொடங்குங்கள், முடிந்ததும் அவரின் பெயரைச் சொல்லுங்கள். மகரக்கட்டில், அதாவது குரல் உடையும் வயதில், இருக்கிற பெடியள் கட்டையை இறக்கிப் பாடுங்கள், அல்லது அந்த ஒரு வருடம் மேடையைக் குறைத்துத் தாளத்திலும் சுர எழுத்திலும் நேரத்தைச் செலவிடுங்கள். வயது மாறும்போது பழைய கட்டையைப் பிடித்து இழுத்தால் குரல் கெடும்.

மாரிகாலத்தில் மிருதங்கத் தோல் ஈரம் குடித்துத் தளரும். கோடை வெக்கையில் இழுபட்டுச் சுருதி ஏறும். நேரத்தோடு போய் வாத்தியத்தை அந்த இடத்துக் காற்றில் கொஞ்சம் இருக்கவிட்டுப் பிறகு சுருதி சேர்க்க வேண்டும்.

ஆறாம்படி: மைக்கும் சுருதியும்

கோயில் ஒலிபெருக்கி பக்திப் பாட்டுப் போடுவதற்கென்று சரிசெய்யப்பட்டிருக்கும். எக்கோ கூடியிருக்கும். அதில் கமகம் பாடினால் ஒரு சுரத்தின் மேல் இன்னொன்று விழுந்து சேறாகிவிடும். சவுண்ட் அண்ணையிடம் போய், "அண்ணை, எக்கோவைக் குறைச்சு விடுங்கோ, ஒரு சின்ன ஸ்பீக்கரை எங்கட பக்கம் திருப்பி விடுங்கோ" என்று கேளுங்கள். அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து நாலு வார்த்தை கதைத்தால் நல்லாகவே செய்து தருவார். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது முகத்தைச் சற்றுப் பின்னுக்கு எடுங்கள். மிருதங்கத்துக்கு மைக் வைத்தால் வலந்தலைப் பக்கம் ஒன்று போதும், ஆனால் உங்கள் குரலை அது மூடக்கூடாது.

மின்சாரம் போகும். இலத்திரனியல் தம்புராவோடு போனில் ஒரு தம்புராவும் இருக்கட்டும். அந்தப் போனை விமானப் பயண முறையில் போட்டு, முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுபோங்கள். நடு ஆலாபனையில் அழைப்பு வந்தால் சுருதி நின்றுவிடும். ஜெனரேட்டர் போட்டால் அதன் இரைச்சலுக்கும் ஒரு சுருதி உண்டு, காது அதன் பின்னால் போகப் பார்க்கும். மேடையை அதிலிருந்து தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

ஏழாம்படி: பிரதேச செயலகம்

ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார வேலைகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருப்பார். கரைச்சியில், பூநகரியில், ஒட்டுசுட்டானில், செட்டிகுளத்தில் எங்கே இருந்தாலும் போய் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். பிரதேச கலாசார விழாவுக்குப் பாட ஆள் தேடும்போது தெரிந்த பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். நீங்கள் சேர்த்த நாலைந்து பேரையும் ஒரு கலைமன்றமாகப் பதிவு செய்ய முடியுமா என்றும் அவரிடமே கேளுங்கள். மன்றமாக ஒரு கடிதம் கொடுத்து மண்டபம் கேட்பது தனியாள் கேட்பதைவிட இலகு. விழாக்களில் வரவேற்புப் பாட்டு மட்டும் பாடச் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அடுத்த முறை பத்து நிமிடம் கேளுங்கள்.

தை மாதத்தில் தியாகராச ஆராதனை வரும். அதில் பாடும் தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ராகங்களில், எல்லாம் ஆதி தாளத்தில். கோஷ்டியாகப் பாடுவதால் ஐந்தும் தெரியாத பிள்ளையும் பின்வரிசையில் இருந்து, தெரிந்ததைப் பாடலாம். இதற்கு யாழ்ப்பாணம் போகத்தான் வேண்டும் என்றில்லை. ஒரு பாடசாலை மண்டபமும் பாயும் விளக்கும் இருந்தால் வன்னியிலேயே நடத்தலாம். நடத்துங்கள்.

மருதனார்மடம் போகிறவர்களுக்கு

மருதனார்மடத்தில் உள்ள இசைக் கல்வி நிலையம் 1960 இல் இராமநாதன் இசைக் கல்லூரியாகத் தொடங்கியது, 1975 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்து கற்பித்த இடம். அங்கே படிக்கப் பரீட்சைப் புள்ளி மட்டும் போதாது, செயன்முறைத் தெரிவிலும் பாடிக் காட்ட வேண்டும். மேலே சொன்ன படிகளில் ஏறி வந்த பிள்ளைக்கு அந்த அறை பயம் தராது.

சேர்ந்த பிறகு முதல் வருடத்திலேயே துறை நிகழ்ச்சிகளில் கோஷ்டியிலாவது இருங்கள். மூத்த மாணவரின் கச்சேரிக்குத் தம்புரா பிடிக்கக் கேளுங்கள். பாடகருக்குப் பின்னால் இரண்டு மணித்தியாலம் தம்புராவோடு இருக்கும்போது ஒரு கச்சேரி எப்படிக் கட்டப்படுகிறது என்பது கண்முன்னே தெரியும். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் இசை நிகழ்ச்சிகள் நடக்கும். முதலில் கேட்கப் போங்கள். இரண்டாம் வருடத்தில் பாட இடம் கேளுங்கள். ஏ9 வழியே கிளிநொச்சிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பார்த்து நேரத்தை ஒத்துக்கொள்வது பெண்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நிம்மதி.

விடுமுறைக்கு வரும்போது உங்கள் ஊர்க் கோயிலில் ஒரு மணித்தியாலம் பாடுங்கள். அங்கே பஞ்சபுராணம் ஓதத் தொடங்கியிருக்கும் அடுத்த பிள்ளையைப் பக்கத்தில் இருத்திப் பின்பாட்டுப் பாட விடுங்கள்.

அரங்கேற்றம் எப்போது?

மண்டபம், அழைப்பிதழ், பட்டு, பிரதம விருந்தினர், சாப்பாடு என்று கடன்பட்டு அரங்கேற்றம் வைக்கும் வழக்கம் இங்கும் வந்துவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இரண்டு மணித்தியாலம் பாட உருப்படி கையில் இருக்கிறதா, ஒரு விரிவான ஆலாபனையும் நிரவலும் சுரமும் சொந்தமாகப் பாட வருகிறதா, ஊர்க் கோயில்களில் ஒரு மணித்தியாலக் கச்சேரிகள் சில செய்தாயிற்றா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் வையுங்கள், அதையும் கோயில் மண்டபத்திலேயே வைக்கலாம். அதற்குச் செலவிடும் காசில் பாதிக்கு ஒரு நல்ல வயலின் வாங்கலாம்.

ஒவ்வொரு முறை பாடும்போதும் போனில் பதிவு செய்ய யாரையாவது சபையின் நடுவில் இருத்துங்கள். அன்றிரவே கேட்க வேண்டாம், மனம் சூடாக இருக்கும். இரண்டு நாள் கழித்து ஆசிரியரோடு இருந்து கேளுங்கள். சுருதி எங்கே விலகியது, எந்தச் சொல் விளங்கவில்லை, எந்த இடத்தில் காலப்பிரமாணம் ஓடியது என்று கொப்பியில் எழுதி, அடுத்த மேடைக்குப் போகுமுன் அந்த இடங்களை மட்டும் எடுத்துச் சாதகம் பண்ணுங்கள்.